ராத்திரி ஷிப்ட்: பொங்கல் 14-ஆ, 15-ஆ என்று மெஷினுக்கு யார் சொல்வது?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: "ஷெட்யூலரை சர்வரில் ஏற்ற ஒரு வாரம் போதும், 'நாள்' என்றால் எது என்று ஆபீஸில் எல்லோரும் ஒத்துக்கொள்ள ஆறு மாதம் ஆகும்." ஷெட்யூலர் என்றால் ராத்திரியில் கம்ப்யூட்டர் வேலைகளை நேரப்படி கிளப்பிவிடும் மென்பொருள். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் நம் தமிழ்நாடு–கேரள எல்லைப் பக்கத்து ஊர்களிலிருந்துதான். கொஞ்சம் கோபம், நிறைய சந்தேகம். இருபத்தாறு வருஷம் ஏ.சி. அறையில் ராத்திரி கண் விழித்துவிட்டு இப்போது கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னைக்குத் தண்ணீர் கட்டுகிறவள் நான். எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

*

கேள்வி: என் மகன் கோவையில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறான். போன் போட்டால் "ஜாப் ஓடிட்டிருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்கிறான். ஜாப் என்றால் வேலைதானே? அவன் உட்கார்ந்திருக்க, வேலை எப்படி ஓடும்?
– ஒரு தாயார், வடகரப்பதி

பதில்: நியாயமான கேள்வி. அங்கே ஓடுவது மெஷின். பகலெல்லாம் கடையிலும் குடோனிலும் ஃபாக்டரியிலும் தட்டிய பில்லையெல்லாம் ராத்திரி ஒன்றுசேர்த்து, கணக்கில் ஏற்றி, வட்டி போட்டு, சம்பளம் கணக்கிட்டு, காலையில் மேனேஜர் மேசைக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். இதில் ஒவ்வொரு துண்டு வேலைக்கும் ஜாப் என்று பெயர். நான் கடைசியாக இருந்த இடத்தில் ஒரு ராத்திரிக்கு 1,400 ஜாப். எதற்குப் பின்னால் எது, எத்தனை மணிக்கு, எந்தெந்தக் கிழமை என்று எழுதி வைத்தால் அதன்படி ஒவ்வொன்றாகக் கிளப்பி விடுகிற மென்பொருள்தான் ஷெட்யூலர்.

எல்லாம் ஒழுங்காகப் போனால் உங்கள் மகனுக்குப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. ஒன்று நடுவில் படுத்துவிட்டால், நாங்கள் 'அபெண்ட் ஆயிடுச்சு' என்போம், அதற்குப் பின்னால் நிற்கும் நாற்பதும் நின்றுவிடும். அந்த நேரத்தில்தான் நீங்கள் "சாப்பிட்டியா" என்று கேட்கிறீர்கள். அஞ்சு மணிக்கு மேல் போன் போடுங்கள், அம்மா. சங்கிலி முடிந்திருக்கும், அவனும் நல்லபடியாகப் பேசுவான்.

*

கேள்வி: கஞ்சிக்கோட்டில் ஒரு தனியார் பால் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன், மேடம். சாயங்காலப் பால் கணக்கு சங்கங்களிலிருந்து வந்து சேர ராத்திரி 10 மணி தாண்டிவிடும். 11 மணிக்கு அதை ஏற்றும் ஜாப். 1 மணிக்கு விவசாயிக்குச் சேர வேண்டிய தொகையைக் கணக்கிடும் ஜாப். ஏற்றும் ஜாப் முடிந்தால்தான் கணக்கு ஜாப் தொடங்க வேண்டும் என்று கட்டி வைத்திருக்கிறோம். புது ஷெட்யூலர் வந்த நாளிலிருந்து 1 மணி ஜாப் கிளம்புவதே இல்லை. அடுத்த ராத்திரி 11 மணி ஜாப் முடிந்த பிறகுதான் ஓடுகிறது. எப்போதும் ஒரு நாள் பின்தங்கியே இருக்கிறோம். மென்பொருள் விற்ற வெண்டாரைக் கேட்டால் 'சாஃப்ட்வேர் சரியாகத்தான் இருக்கிறது' என்கிறார்.
– பெயர் வேண்டாம், சித்தூர் (பாலக்காடு)

பதில்: வெண்டார் சொன்னது சரி. அதுதான் கொடுமை.

உங்கள் ஷெட்யூலரில் நாள் தொடங்குவது நள்ளிரவு 12 மணிக்கு. 14-ஆம் தேதி ராத்திரி 11 மணி ஜாப் 14-ஆம் தேதிக்காரன். இரண்டு மணி நேரம் கழித்து வரும் 1 மணி ஜாப் 15-ஆம் தேதிக்காரன். 'அதே நாளின் ஏற்றும் ஜாப் முடிய வேண்டும்' என்பது உங்கள் கட்டு. 15-ஆம் தேதியின் ஏற்றும் ஜாப் எங்கே? 15-ஆம் தேதி ராத்திரி 11 மணிக்குத்தான் வரும். மெஷின் அதுவரை சமத்தாக உட்கார்ந்திருக்கிறது. நமக்கு அது ஒரே ராத்திரி, அதற்கு இரண்டு நாள்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கட்டை மாற்றுவது: 'அதே நாள்' என்பதை எடுத்துவிட்டு 'எனக்கு முன்னால் கடைசியாக வந்தது' என்று வைப்பது. பெரிய ஷெட்யூலர்கள் பலவற்றில் இந்த வசதி உண்டு. ஒரே ஒரு ஜோடிக்கு என்றால் இதையே செய்யுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் ஜாப் பட்டியலைப் பார்த்தால் பன்னிரண்டைத் தாண்டும் ஜோடிகள் பதினாறு. பதினாறு இடத்தில் ஒட்டுப் போடுவதைவிட நாளின் தொடக்கத்தையே நகர்த்திவிடலாம். ஐ.பி.எம். வொர்க்லோடு ஷெட்யூலரில் இதற்கு 'ஸ்டார்ட் ஆஃப் டே' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. கன்ட்ரோல்-எம் என்ற இன்னொரு ஷெட்யூலரில் 'நியூ டே' என்பார்கள். நான் முதன்முதலில் உட்கார்ந்த இடத்தில் அது காலை 6 மணி என்று இருந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு வருஷம் கழித்து, நள்ளிரவில் வைத்திருந்த இன்னோர் இடத்துக்குப் போன முதல் வாரத்தில்தான் அந்த 6 மணியின் அருமை தெரிந்தது.

உங்களுக்கு எத்தனை மணி? பால்காரரின் நாள் எது என்று யோசியுங்கள். காலைப் பால் முதலில், சாயங்காலப் பால் அடுத்து. இரண்டும் சேர்ந்தால்தான் அவருக்கு ஒரு நாள் கூலி. விடியற்காலை அஞ்சரைக்குச் சங்கத்தில் கேன் இறங்கத் தொடங்கும். ராத்திரிச் சங்கிலி 4 மணிக்குள் முடிந்துவிடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாலுக்கும் அஞ்சரைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் கிடக்கிறது. 5 மணி என்று வையுங்கள். இந்த இடத்தைத் தேடும்போது நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். அந்த நேரத்தில் எந்த ஜாப்பும் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நேரத்தில் வரும் ஒரு சீட்டு நேற்றையதா இன்றையதா என்று யாரும் சண்டை போடக் கூடாது. முதலாவது லாகில், அதாவது ஜாப் ஓடிய பதிவில், தெரிந்துவிடும். இரண்டாவதுக்கு நீங்கள் சங்கத்துக்கு நேரில் போய் உட்கார வேண்டும். ஒரு நாள் போய் வாருங்கள், டீயும் கிடைக்கும்.

மாற்றுவதற்கு முன் மூன்று கண்ணிவெடிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாளை 5 மணிக்கு நகர்த்தினால், '1-ஆம் தேதி விடியற்காலை 2 மணி' என்று எழுதி வைத்த ஜாப் சுவர்க் கடிகாரப்படி 2-ஆம் தேதி விடியற்காலை 2 மணிக்கு ஓடும். ஷெட்யூலருக்கு அதுவரை 1-ஆம் தேதிதான். மாதாந்திர ஜாப் எல்லாவற்றையும் ஒருமுறை விரல் வைத்துப் படியுங்கள்.

அடுத்தது இதைவிட மோசம். ஜாப்புக்குள் இருக்கும் புரோகிராம் தேதியை எங்கிருந்து எடுக்கிறது? ஷெட்யூலர் கொடுக்கும் தேதியையா, சர்வர் கடிகாரத்தையா? சர்வர் கடிகாரத்தை எடுத்தால் ராத்திரி 1 மணிக்கு அது 15 என்று சொல்லும், ஷெட்யூலர் 14 என்று சொல்லும், காலையில் விவசாயி வந்து கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்களோ தெரியாது. தேதியை ஜாப்புக்கு வெளியிலிருந்து கொடுங்கள். பழைய புரோகிராமராக இருந்தால் முனகுவார்; முனகட்டும்.

மூன்றாவது, மாற்றும் அந்த ஒரு நாள். அது 24 மணி நேரத்தில் முடியாது. நள்ளிரவில் தொடங்கி மறுநாள் 5 மணிக்கு முடியும், 29 மணி நேர நாள். அதற்குள் 1 மணி ஜாப் இரண்டு தடவை வரும். எது ஓடணும், எதைக் கையால் நிறுத்தணும் என்று முந்தின நாளே தாளில் எழுதி, மானிட்டரில் ஒட்டி வைத்துவிடுங்கள்.

*

கேள்வி: கம்ப்யூட்டருக்கு ராகு காலம் உண்டா?
– வேலந்தாவளம் வாசகர்

பதில்: உண்டு. பேக்கப் எடுக்கும் நேரம். அப்போது எதைத் தொட்டாலும் விளங்காது.

கிண்டலாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் ஒருமுறை என் மேலாளர் புதுச் சங்கிலியைத் திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் தொடங்கவே கூடாது என்று சொல்லி, ஒன்பது ஐந்துக்கு வைக்கச் சொன்னார். நானும் வைத்தேன். ஒன்பதுக்கு ஆபீஸ் முழுக்க லாகின் செய்கிற நேரம். சர்வர் திணறிவிட்டது. ராகு விட்டாலும் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் விடாது.

*

கேள்வி: எங்களுக்குக் கோவையில் தலைமை அலுவலகம், பொள்ளாச்சியில் குடோன், கஞ்சிக்கோட்டில் ஆலை. ஷெட்யூலரில் விடுமுறைக் கேலண்டர் ஒன்றே ஒன்றுதான். தமிழ்நாட்டு லீவுப் பட்டியலைப் போட்டால் ஓணத்துக்கு ஆலை மூடிக் கிடக்கும்போது உற்பத்தி ரிப்போர்ட் ஓடி, 'பூஜ்யம்' என்று முதலாளிக்கு மெயில் போகிறது. கேரளப் பட்டியலைப் போட்டால் வேறு தொல்லை. ஒரே கேலண்டரில் சமாளிக்க வழி உண்டா?
– ஹெச்.ஆர். பிரிவு ஊழியர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இல்லை. ஒரே கேலண்டர் என்பது கோயம்புத்தூரில் உட்கார்ந்திருப்பவரின் சௌகரியம்.

எல்லையில் இருக்கும் நமக்கு இது தெரிந்த கதைதானே. பொங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் பொங்கல் மாநிலம் முழுவதற்குமான பண்டிகை விடுமுறை அல்ல. ஆனால் தமிழர் அதிகம் இருக்கும் ஆறு மாவட்டங்களுக்கு, திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, இடுக்கி, பாலக்காடு, வயநாடு, உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். ஆக உங்கள் கஞ்சிக்கோடு ஆலைக்குப் பொங்கல் உண்டு. அதே கம்பெனிக்குத் திருச்சூரில் ஒரு டிப்போ இருந்தால் அதற்குக் கிடையாது. 'கேரளா' என்று ஒரு கேலண்டர் போட்டால்கூடப் போதாது என்பது இங்கே தெரிகிறதா?

தேதியும் நிலையாக நிற்பதில்லை. 2024-இல் பொங்கல் ஜனவரி 15. 2025-இல் 14. 2026-இல் மறுபடி 15. 'ஜனவரி 14 லீவு' என்று ஒருமுறை எழுதிவிட்டுத் தூங்கப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓணமோ ஆவணித் திருவோணத்தைப் பார்த்து ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் ஓடுகிறது.

இன்னொரு பக்கம் கோவை. ஓணத்துக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விட்டால் அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்கிவிடுவார். அந்த உத்தரவைக் கடைசி வரி வரை படியுங்கள். 'செலாவணி முறிச் சட்டம் 1881-இன் கீழ் வராது' என்று இருக்கும். அதாவது அது பேங்குக்கு லீவு அல்ல. ஆகவே ஒரே நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு, உங்கள் அலுவலகத்துக்கு முதலாளி இஷ்டம், பேங்குக்கு வேலை நாள். ஈடு செய்யும் சனிக்கிழமை இரண்டாவது அல்லது நாலாவது சனியாக அமைந்தால் தலைகீழ்; 2015 செப்டம்பர் 1 முதல் அந்த இரண்டு சனிக்கிழமையும் பேங்குக்கு விடுமுறை.

அதனால் குறைந்தது மூன்று கேலண்டர் போடுங்கள்: பேங்குக்கு ஒன்று, ஆலைக்கு ஒன்று, கோவை அலுவலகத்துக்கு ஒன்று. பொள்ளாச்சி குடோன் கோவையோடு போகுமா என்று குடோன் சூப்பர்வைசரிடம் கேளுங்கள், ஹெச்.ஆரிடம் கேட்காதீர்கள் (நீங்களே ஹெச்.ஆர். என்பது தெரிந்துதான் சொல்கிறேன்). ஜாப் எந்த இடத்து ஆளை நம்பி ஓடுகிறதோ அந்த இடத்துக் கேலண்டரில் கட்டுங்கள்.

கேலண்டரை விட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை: லீவு வந்தால் ஜாப் என்ன செய்யணும்? முந்தின வேலை நாளுக்குப் போகணுமா, அடுத்த வேலை நாளுக்குத் தள்ளணுமா, லீவைக் கண்டுகொள்ளாமல் அன்றே ஓடணுமா, அந்தத் தடவை வேண்டாமா? ஒவ்வொரு ஜாப்புக்கும் இந்த நாலில் ஒன்று. இதைக் கேட்காமல் விட்டு நான் பட்டதைச் சொல்கிறேன்.

2013 மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை, ஈஸ்டர். அப்போது நான் இருந்த கம்பெனியில் மாதக் கடைசி ஜாப்புகளுக்கு எல்லாம் 'லீவு என்றால் அடுத்த வேலை நாள்' என்று மொத்தமாகப் போட்டு வைத்திருந்தேன். மாதா மாதம் நன்றாகத்தான் போனது. ஏப்ரல் 1 பேங்குகளின் வருடாந்திரக் கணக்கு முடிப்பு நாள், அதுவும் எங்கள் கேலண்டரில் லீவு. ஆக மார்ச் 31 ஜாப் நழுவி ஏப்ரல் 2 செவ்வாய்க்கிழமை ஓடியது. தேய்மானக் கணக்கு முழுவதும் ஏப்ரல் 2 தேதியில், புது நிதியாண்டில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு ஜாப்பும் படுக்கவில்லை, திரை முழுக்கப் பச்சை. மூன்று வாரம் கழித்து அக்கவுண்ட்ஸில் இருந்த பெரியவர் ஒருவர் பேலன்ஸ் ஷீட்டோடு என் மேசைக்கு வந்தார். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "மார்ச் எங்கம்மா போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

மாதக் கடைசி ஜாப் பின்னால் தள்ளக் கூடாது. முன்னால் இழுக்கணும் அல்லது லீவிலும் ஓடணும். எங்களுக்கு லீவிலும் ஓடுவதே சரியாக இருந்தது. மெஷினுக்கு ஏது ஈஸ்டர்?

சம்பள ஜாப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். பேங்கிலிருந்து பேங்குக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் 14 முதலும் இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. பலருக்கு மொத்தமாகப் பணம் பட்டுவாடா செய்யும் நாச் 2021 ஆகஸ்ட் 1 முதல் எல்லா நாளும் ஓடுகிறது. பேங்க் லீவு என்பதற்காகச் சம்பளத்தை முன்னால் இழுத்த பழைய விதிகள் பல கம்பெனிகளில் இன்னும் காரணம் தெரியாமல் கிடக்கின்றன. எடுத்துவிடலாமா என்றால், அவசரப்படாதீர்கள். பேங்க் ஞாயிற்றுக்கிழமை பணம் அனுப்பும். ஃபைலுக்கு 'அப்ரூவ்' அழுத்தும் உங்கள் ஃபைனான்ஸ் மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை மலம்புழையில் குடும்பத்தோடு இருப்பார்.

*

கேள்வி: அக்கா, காலேஜ் ப்ராஜெக்டுக்கு கிரான்டாப்பில் (லினக்ஸில் கிரான் என்ற ஷெட்யூலரின் அட்டவணை) "0 5 1 * 1" என்று எழுதினேன். 1-ஆம் தேதி திங்கட்கிழமையாக வந்தால் மட்டும் காலை 5 மணிக்கு ஓடணும். ஆனால் எல்லாத் திங்கட்கிழமையும் ஓடுது, எல்லா 1-ஆம் தேதியும் ஓடுது. என் லேப்டாப்தான் கெட்டுப்போச்சா?
– மாணவர், சித்தூர்

பதில்: லேப்டாப் நல்லா இருக்கு, தம்பி. கிரானில் தேதியையும் கிழமையையும் இரண்டையும் குறிப்பிட்டால் 'இதுவும் அதுவும்' என்று அர்த்தம் இல்லை, 'இதுவோ அதுவோ'. மற்ற கட்டங்கள் (நிமிடம், மணி, மாதம்) எல்லாம் சேர்ந்து பொருந்த வேண்டும், இந்த இரண்டு மட்டும் ஒன்று பொருந்தினாலே போதும். காலங்காலமாக அப்படித்தான். கிழமைக் கட்டத்தில் நட்சத்திரம் போட்டு 1-ஆம் தேதி மட்டும் வைத்துக்கொள். ஸ்கிரிப்டின் முதல் வரியில் இன்று திங்களா என்று பார்த்து, இல்லையென்றால் வெளியே வந்துவிடு.

கிரான்டாப் வரியில் சதவீதக் குறி வந்தால் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வை. தேதி வடிவத்தில் அந்தக் குறி கண்டிப்பாக வரும். முன்னால் பேக்ஸ்லாஷ் போடு. அப்புறம், 5 மணிக்கு லேப்டாப் அணைந்து கிடந்தால் கிரான் பிறகு எழுந்து ஓட்டாது. போனது போனதுதான். விட்டதைப் பிடிக்கணும் என்றால் அனாகிரான் பார், அல்லது சிஸ்டம்டி டைமரில் 'பெர்சிஸ்டன்ட்' என்பதைப் போடு.

*

கேள்வி: முந்தின நாள் முடியாத ஜாப்பை அடுத்த நாளுக்குக் கொண்டுபோவதா, அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா? எங்கள் குழுவில் இரண்டு கட்சி. நான் 'எல்லாவற்றையும் கொண்டுபோ' கட்சி.
– பேட்ச் (ராத்திரி மொத்தமாக ஓடும் ஜாப்) பிரிவில் பணிபுரிபவர், மீனாட்சிபுரம்

பதில்: மீனாட்சிபுரத்துக்காரர் இதைக் கேட்கலாமா? ஆழியாற்றுத் தண்ணீர்க் கணக்கு தெரியாதவரா நீங்கள்?

1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு வருஷத்துக்கு ஏழேகால் டி.எம்.சி. வர வேண்டும். வருஷம் என்பது ஜனவரியிலிருந்து அல்ல, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பாருங்கள், அங்கேயும் முதலில் நாள் தொடக்கத்தைத்தான் பேசி வைத்திருக்கிறார்கள். இந்த மாதம் குறைந்ததை அடுத்த மாதம் ஈடுகட்டுங்கள் என்று கேட்பார்கள். அது கேரி ஃபார்வர்ட். வருஷ மொத்தக் கணக்குக்கு அது சரி. ஆனால் என் அப்பா சொல்வார்: தொண்டைக்கதிரில் வராத தண்ணீர் அறுப்பு நேரத்தில் வந்தால், கணக்கு நேராகும், நெல் நேராகாது.

ஜாப்புகளிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு, மூன்றாவதாக ஒன்றும் உண்டு. சம்பளம், வட்டி, விவசாயி பணம் இவை எத்தனை நாள் தாமதமானாலும் ஓடியே ஆக வேண்டும். கொண்டுபோங்கள். 'இன்று மாலைக்குள் கட்டணம் செலுத்துங்கள்' என்று வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பும் ஜாப் மறுநாள் ஓடினால் சிரிப்பார்கள், அல்லது திட்டுவார்கள். அதற்குக் 'கடைசித் தொடக்க நேரம்' ஒன்று வைத்து, அதைத் தாண்டினால் தானே ரத்தாகும்படி செய்யுங்கள். மூன்றாவது, கையிருப்பு எடுக்கும் ஜாப் மாதிரி: நேற்றையதும் இன்றையதும் இருந்தால் இன்றையது போதும், நேற்றையதைத் தூக்கிப் போடலாம்.

ஐ.பி.எம். ஷெட்யூலரில் கேரி ஃபார்வர்டுக்கு மொத்த அமைப்பு ஒன்று இருக்கிறது. அதை 'எல்லாம்' என்று வைத்தால் உங்கள் கட்சி, 'இல்லை' என்று வைத்தால் எதிர்க்கட்சி. கன்ட்ரோல்-எம்மில் ஒவ்வொரு ஜாப்புக்கும் எத்தனை நாள் காத்திருக்கும் என்று 'மேக்ஸ்வெயிட்' கொடுக்கலாம். 99 என்றால் காலவரையின்றி. 99-ஐப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும், யோசிக்க நேரமில்லாதவர் போட்ட எண் அது.

'எல்லாம் கொண்டுபோ' கட்சிக்கு ஒரு எச்சரிக்கை: சர்வர் இரண்டு நாள் படுத்து மூன்றாம் நாள் எழுந்தால் மூன்று நாள் ஜாப்பும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்கும். எது முதலில் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? 2012 ஜூனில் பிரிட்டனில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில் நடந்தது இதைச் சார்ந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை பேட்ச் ஷெட்யூலரைப் புதுப் பதிப்புக்கு மாற்றினார்கள். சிக்கல் தெரிந்ததும் பழைய பதிப்புக்கே திரும்பினார்கள். திரும்பினால் என்னாகும் என்று சோதித்துப் பார்க்கவில்லை. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ராத்திரிச் சங்கிலி அறுந்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் பாக்கி ஏறியது. 65 லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அயர்லாந்தில் இருந்த அதன் கிளை வங்கி சீராக ஜூலை ஆகிவிட்டது. 2014 நவம்பரில் இரண்டு கண்காணிப்பு அமைப்புகள் சேர்ந்து 5.6 கோடி பவுண்டு அபராதம் போட்டன. பாக்கியை முறைப்படி கரைக்கும் திட்டம் இல்லாத இடத்தில் ஒரு நாள் தாமதம் ஒரு மாதம் இழுக்கும்.

உங்கள் எதிர்க்கட்சிக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் அக்கவுண்ட்ஸில் உட்காருங்கள். ஜாப்பின் பெயரைப் படியுங்கள், "இது நாளைக்கு வந்தால் என்ன ஆகும்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். எனக்கு 1,400-க்கு ஒன்பது மதியம் ஆனது.

*

கேள்வி: க்ளவுடில் காலை 3 மணிக்கு என்று போட்டேன், 8.30-க்கு ஓடுகிறது. ஏன்?
– வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், எருத்தேம்பதி

பதில்: அங்கே இருக்கும் கடிகாரம் யு.டி.சி., அதாவது உலகப் பொது நேரம். நாம் அதற்கு அஞ்சரை மணி நேரம் முன்னால். நம்முடைய விடியற்காலை 3 வேண்டும் என்றால் 21.30 என்று போடணும், முந்தின நாள் தேதியில். தினசரி ஜாப்புக்கு இதோடு கதை முடிந்தது. 'மாதம் 1-ஆம் தேதி விடியற்காலை 3' என்றால் சிக்கல், யு.டி.சி.யில் அது முந்தின மாதக் கடைசி நாள், அது 28-ஆ 29-ஆ 30-ஆ 31-ஆ என்று மாதத்துக்கு மாதம் மாறும். ஷெட்யூலரில் நேர மண்டலம் குறிப்பிட இடம் இருந்தால் இந்திய நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

அமெரிக்கக் கிளையண்ட் என்றால் இன்னொன்று. அங்கே பெரும்பாலான இடங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறு விடியற்காலை 2 மணி நேராக 3 ஆகிவிடும், 2.30 என்ற நேரமே அன்று கிடையாது. நவம்பர் முதல் ஞாயிறு 1.30 இரண்டு தடவை வரும். பணம் பிடிக்கும் ஜாப்பை 1.30-க்கு வைக்காதீர்கள்.

*

கேள்வி: எந்த ஜாப் எப்போது ஓடும் என்ற ப்ளானை ஷெட்யூலரில் எத்தனை நாளுக்கு முன்கூட்டிப் போடலாம்? ஒரு வாரத்துக்குப் போட்டுவிட்டால் தினமும் புதுப்பிக்கும் தொல்லை இல்லையே?
– புதுச்சேரி வாசகர்

பதில்: தொல்லை இடம் மாறும், அவ்வளவுதான். ஓடுகிற ப்ளான் என்பது எழுதி வைத்த விதிகளின் நகல். ப்ளான் போட்ட பிறகு விதியை மாற்றினால், ஏற்கெனவே நகல் எடுத்த நாட்களுக்கு அது தானாகப் போய்ச் சேரும் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு வார ப்ளான் என்றால் புதன்கிழமை மாற்றியது ஞாயிறு வரை பலிக்காமல் போகலாம். ஹர்த்தால் என்று முந்தின ராத்திரி அறிவிக்கும் ஊரில் ஒரு வாரத்துக்கு முன்னால் எதைத் தெரிந்துகொண்டு போடுவது? 24 மணி நேரம் போதும். நீண்ட விடுமுறைக்கு மட்டும் மூன்று நாளாக நீட்டுங்கள். தொலைநோக்கு வேண்டுமென்றால் அடுத்த இரண்டு மாதத்துக்குச் சோதனை ப்ளான் எடுத்து வெறுமனே படித்துப் பாருங்கள். என் மார்ச் 31-ஐ அது காட்டிக்கொடுத்திருக்கும். எடுத்தேனா?

*

கேள்வி: ஓய்வுக்குப் பிறகும் ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வருகிறதா?
– பழைய சக ஊழியர், கோவை

பதில்: யார் என்று கையெழுத்திலேயே தெரிந்துவிட்டது. வருகிறது.

போன மாதம் தோட்டத்து மோட்டாருக்கு ஒரு டைமர் வாங்கிப் பொருத்தினேன். சுற்றி முள் குத்தி வைக்கிற பழைய மாடல், உள்ளே பேட்டரி கிடையாது. விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கி 6-க்கு நிற்கணும். மழையில் ஒரு நாள் கரண்ட் மூன்று மணி நேரம் போனது. டைமரும் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, தன் கணக்கில் 4 என்று காட்டியபோது ஊர் கணக்கில் 7. நான் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் பக்கத்துத் தோட்டத்துச் சேச்சியின் நிலக்கடலைப் பாத்தி முழுக்க என் தண்ணீர். கண்ணாடியை எல்லாம் கழற்றவில்லை, சேச்சி நேராகவே கேட்டுவிட்டார். பேட்டரி உள்ள டைமருக்குப் பாலக்காட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை 2 மணிக்கு எழுந்து டைமரின் முள்ளைப் பார்த்துவிட்டுப் படுக்கிறேன்.